இரண்டாவது முறை ஒன்றும் செய்யாதே

லினக்ஸ் சர்வர் ஒன்றின் அமைப்புக் கோப்பில் கடைசியாக ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஷெல்லில் ஒரு எக்கோ கட்டளை போதும், நொடியில் முடிந்துவிடும். அதே கட்டளை மறுநாள் மீண்டும் ஓடினால் அதே வரி கோப்பில் இரண்டு முறை நிற்கும். மூன்றாம் நாள் ஓடினால் மூன்று முறை. புதுப் பயனரை உருவாக்கும் யூசர்ஆட் கட்டளை இதற்கு நேர்மாறு. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால் 9 என்ற பிழை எண்ணைத் திருப்பிவிட்டு நின்றுவிடும். முன்னது கேள்வியே கேட்காமல் திரும்பச் செய்கிறது; பின்னது முரண்டு பிடிக்கிறது. ஒரே ஒரு சர்வரின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர் இரண்டையும் சமாளித்துவிடுவார். இருநூறு சர்வர்களில் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு, பாதி வழியில் இணைப்பு அறுந்துபோனால்? மறுபடி முதலிலிருந்து ஓட்டலாமா? எந்தெந்த சர்வரில் எதுவரை முடிந்தது?

சர்வர்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தன. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜெஸ், தன் துறையின் யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்க 1993இல் சிஎஃப்என்ஜின் என்ற மென்பொருளை எழுதினார். இன்ன கட்டளைகளை இந்த வரிசையில் ஓட்டு என்று கணினிக்குச் சொல்வதை விட்டுவிட்டு, கணினி இன்ன நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்வதே அதன் அடிப்படை. வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். 'கதவைச் சாத்து' என்றால் சாத்தியிருக்கிற கதவையும் யாராவது போய்த் தள்ளிப் பார்க்க வேண்டும். 'கதவு சாத்தியிருக்க வேண்டும்' என்றால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். 2005இல் பப்பெட், 2009இல் செஃப் என்று அடுத்தடுத்து வந்த கருவிகளும் இதே தடத்தில்தான் நடந்தன.

கணிதத்தில் இந்தப் பண்புக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் 1870இலேயே இதற்குப் பெயரிட்டிருக்கிறார். எளிய உதாரணம், ஓர் எண்ணின் எதிர்க்குறியை நீக்குவது. மைனஸ் 7 என்பது 7 ஆகும். அந்த 7க்கு மறுபடியும் அதையே செய்தால் 7 அப்படியே நிற்கும். எத்தனை முறை செய்தாலும் முதல் முறையின் பலனைத் தாண்டி எதுவும் நடக்காது. நிரலர்கள் இதை ஐடெம்பொட்டன்ஸ் என்கிறார்கள்.

இந்தக் கட்டுரை ஆன்சிபிள் என்ற கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாக ஒரு மாட்யூல் எழுதிச் சேர்ப்பதைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ள மேலே சொன்ன பண்புதான் வாசல். பைத்தான் தெரிந்தவர் ஒரே மாலையில் ஒரு மாட்யூலை எழுதிவிடலாம். முதல் முறை அது சரியாக ஓடியும்விடும். இரண்டாவது முறை ஓடும்போது ஒன்றும் செய்யாமல் இருக்கிறதா, ஒன்றும் செய்யவில்லை என்று உண்மையைச் சொல்கிறதா என்பதில்தான் ஒரு மாட்யூலின் தரம் தெரியும். திட்டத்துக்குள் நுழைய வைத்திருக்கும் விதிகளில் பெரும்பாலானவை சுற்றிவளைத்து இந்த ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

ஆன்சிபிளை மைக்கேல் டிஹான் 2012இல் வெளியிட்டார். ரெட் ஹாட் நிறுவனம் 2015இல் அதை வாங்கியது. சிஎஃப்என்ஜின், பப்பெட் போன்றவை வழக்கமாக ஒவ்வொரு சர்வரிலும் தங்கள் பிரதிநிதியாக ஒரு நிரலை நிறுவி, எந்நேரமும் ஓடவிட்டிருக்கும். ஆன்சிபிள் அப்படி எதையும் நிறுவுவதில்லை. லினக்ஸ் சர்வர் நிர்வாகிகள் அன்றாடம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் இணைப்பும், மறுமுனையில் பைத்தானும் இருந்தால் போதும். செய்ய வேண்டியவற்றை யாமல் வடிவத்தில் ஒரு பிளேபுக்காக எழுதுகிறோம். அதில் ஒவ்வொரு பணியும் ஒரு மாட்யூலை அழைக்கும். பயனரை உருவாக்க ஒரு மாட்யூல், கோப்பை நகலெடுக்க ஒன்று, சர்வீஸைத் தொடங்க ஒன்று.

அந்த மாட்யூல் எங்கே ஓடுகிறது என்பதுதான் முதலில் மனதில் பதிய வேண்டியது. நம் மடிக்கணினியில் அது ஓடுவதில்லை. மாட்யூலின் நிரல், அது சார்ந்திருக்கும் ஆன்சிபிளின் துணை நிரல்கள், நாம் கொடுத்த மதிப்புகள் எல்லாம் ஒரே ஜிப் பொட்டலமாகக் கட்டப்படும். அந்தப் பொட்டலம் எழுத்துகளாக மாற்றப்பட்டு, ஒரு பைத்தான் கோப்புக்குள் வைக்கப்படும். அந்தக் கோப்பு எஸ்எஸ்எச் வழியாகப் போய், தொலைவிலுள்ள சர்வரின் தற்காலிக அடைவில் இறங்கி, பிரிந்து, ஓடி, விடையை ஜேசான் வடிவத்தில் அச்சிட்டுவிட்டு, தடமில்லாமல் நீக்கப்படும். 2.1ஆம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாட்டின் பெயர் ஆன்சிபால்ஸ்.

இந்தப் பயணத்தால் நிரலாளருக்குப் பல கட்டுப்பாடுகள் வந்து சேர்கின்றன. மறுமுனை சர்வரில் எந்தப் பைத்தான் இருக்கிறதோ அதில்தான் ஓடியாக வேண்டும். ஆன்சிபிள்-கோர் 2.17 வரும்வரை, மறுமுனையில் பைத்தான் 2.7 இருந்தாலும் மாட்யூல்கள் ஓட வேண்டியிருந்தது. உலகம் எஃப்-ஸ்டிரிங் என்ற புதிய பைத்தான் வடிவத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் மாட்யூல் எழுதியவர்கள் பழைய வடிவத்தில்தான் எழுதினார்கள். வெளியிலிருந்து ஒரு நூலகம் தேவைப்பட்டால் அது அங்கே இல்லாமலும் போகலாம். அப்போது பைத்தானின் நீளமான பிழைச் செய்தியைக் கொட்டாமல், இன்ன நூலகம் இந்த சர்வரில் இல்லை என்று தெளிவாகச் சொல்லித் தோற்க வேண்டும். பிழை தேடும் ஆர்வத்தில் நடுவே ஒரு பிரின்ட் போடுவதும் கூடாது. நிலையான வெளியீட்டில் வருவதை ஆன்சிபிள் ஜேசானாகப் படிக்கக் காத்திருக்கிறது. இடையில் கலக்கும் சொற்கள் விடையையே குலைத்துவிடலாம்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, ஏற்கெனவே திட்டத்தில் இருக்கும் ஒரு சிறிய மாட்யூலை எடுத்து, அது இல்லாத உலகில் நாமே அதை எழுதுவதாக வைத்துப் பார்ப்போம். லோகேல் ஜென் என்ற மாட்யூல் அதற்கு மிகப் பொருத்தம். தமிழ் வாசகர்களுக்கு அதில் தனி அக்கறை இருக்கவும் இடமுண்டு.

லோகேல் என்பது ஒரு கணினியின் மொழி, வட்டார அமைப்பு. செய்திகளை எந்த மொழியில் காட்டுவது, தேதியை எப்படி எழுதுவது, சொற்களை எந்த அகரவரிசையில் அடுக்குவது, ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் காற்புள்ளியை எங்கே வைப்பது என்பதெல்லாம் அதில் அடங்கும். டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் எல்லா லோகேல்களும் முன்கூட்டியே தயாராக இருக்காது. ஈடிசி அடைவில் லோகேல் டாட் ஜென் என்றொரு கோப்பு உண்டு. உலக மொழிகள் ஆளுக்கொரு வரியாக அதில் வரிசையாக நிற்கும், பெரும்பாலான வரிகளின் முன்னால் ஹேஷ் குறி போட்டு முடக்கப்பட்டிருக்கும். இந்தியத் தமிழுக்கு ஒரு வரி, இலங்கைத் தமிழுக்கு ஒரு வரி. வேண்டிய வரியின் ஹேஷ் குறியை அழித்துவிட்டு, லோகேல்-ஜென் என்ற கட்டளையை ஓட்டினால் அந்த மொழி கணினியில் உருவாகிவிடும்.

இதை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதுவது எளிது. எழுதியும் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அது லோகேல்களைப் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கும். மாட்யூலோ முதலில் கேட்க வேண்டியது, 'இந்த லோகேல் ஏற்கெனவே இருக்கிறதா?' என்ற கேள்வியை. லினக்ஸில் அதற்கும் ஒரு கட்டளை உண்டு. உருவாகியிருக்கும் லோகேல்களின் பட்டியலை அது தரும். பட்டியலில் பெயர் இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பலாம், இல்லாவிட்டால் உருவாக்கலாம். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. அமெரிக்க ஆங்கில லோகேலை அமைப்புக் கோப்பில் 'யூடிஎஃப்-8' என்று பெரிய எழுத்திலும் நடுவே சிறுகோடிட்டும் குறிப்பிடுவார்கள். உருவான பிறகு பட்டியல் கட்டளை அதையே சிறிய எழுத்தில், கோடில்லாமல், 'யூடிஎஃப்8' என்று காட்டும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நிரலுக்கு ஒரு சிறுகோடும் எழுத்தளவும் மாறினாலே வேறு பெயர். இரண்டையும் நேரடியாக ஒப்பிடும் மாட்யூல், லோகேல் இருந்தும் இல்லை என்றே முடிவுகட்டும். ஒவ்வொரு முறையும் மறுபடி உருவாக்கும், ஒவ்வொரு முறையும் 'மாற்றினேன்' என்று அறிவிக்கும். முதல் ஓட்டத்தில் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. அதனால்தான் உண்மையான லோகேல் ஜென் மாட்யூலின் நிரலில் பெயர்களைச் சமன்படுத்தும் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த வடிவத்தில் எழுதினாலும் அந்த வடிவத்தில் எழுதினாலும் ஒன்றே என்று வரிசையாகச் சொல்லும் அட்டவணை அது. படித்தால் சலிப்பூட்டும் பகுதிதான். மாட்யூலின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன்.

தமிழ் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அமெரிக்க ஆங்கிலத்தின் வரியில் லோகேலின் பெயரோடேயே குறியாக்கத்தின் பெயரும் ஒட்டியிருக்கும். இந்தியத் தமிழின் வரியில் பெயர் மொழியோடும் நாட்டோடும் நின்றுவிடும். குறியாக்கம் தனியே, ஓர் இடைவெளிக்குப் பின்னால் வரும். இந்தியும் வங்காளமும் அப்படியே. ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு, எல்லாப் பெயர்களும் யூடிஎஃப்-8 என்றுதான் முடியும் என்று ஒருவர் எழுதிவிட்டால், அவருடைய மாட்யூல் நம் மொழிகளைத் தொட்டதும் இடறும். நம்மவர்கள் இத்தகைய திட்டங்களில் பங்கெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் எனக்குத் தெரியவில்லை. நம் வரியை நாம் சோதித்தால்தான் உண்டு.

மொழி வேறொரு பக்கத்திலிருந்தும் வந்து மோதும். மாட்யூல்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டளையை ஓட்டி, அது சொல்லும் பதிலைப் படித்து முடிவெடுக்கின்றன. பதிலில் 'நாட் ஃபவுண்ட்' என்ற சொற்களைத் தேடும்படி எழுதியிருக்கிறோம். அந்த சர்வரின் மொழியை ஒருவர் பிரெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார். கட்டளையும் பண்போடு பிரெஞ்சில் பதில் சொல்லும். தேடிய சொல் கிடைக்காததால், இல்லாத பொருள் இருப்பதாக மாட்யூல் நினைத்துக்கொள்ளும். கட்டளையை ஓட்டும் முன் அதற்கு மட்டும் மொழிச் சூழலை 'சி' என்ற அடிப்படை லோகேலுக்கு மாற்றிக்கொள்வது இதற்கான தீர்வு. ஆன்சிபிளிலேயே அதற்கு வசதி உண்டு. கட்டளையையும் அதன் உறுப்புகளையும் ஒரே சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுக்காமல், தனித்தனிச் சொற்களின் பட்டியலாகக் கொடுப்பதும் இதே வகைக் கவனம்தான். பயனர் கொடுத்த பெயருக்குள் அரைப்புள்ளி வைத்து இன்னொரு கட்டளையை நுழைக்கும் தந்திரம் அப்போது பலிக்காது.

விடையாக வரும் ஜேசானில் 'சேஞ்ச்டு' என்றொரு புலம் இருக்கும். மாறியதா இல்லையா, ஆம் அல்லது இல்லை. இந்த ஒற்றைப் புலத்தின் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அமைப்புக் கோப்பு மாறினால் மட்டும் வெப் சர்வரை மறுதொடக்கம் செய் என்று பிளேபுக்கில் எழுதலாம். ஹேண்ட்லர் என்று அதற்குப் பெயர். மாறாதபோதும் மாறியது என்று மாட்யூல் பொய் சொன்னால், பட்டப்பகலில், வாடிக்கையாளர்கள் பக்கத்தைத் திறந்துகொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல் வெப் சர்வர் ஒவ்வொரு ஓட்டத்திலும் எழுந்து உட்காரும். மாறியும் மாறவில்லை என்று சொன்னால் இன்னும் மோசம். கோப்பு புதியது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவிலோ பழைய அமைப்பு. அந்த முரண் பல வாரம் கழித்து, யாரோ வேறு காரணத்துக்காக சர்வரை மறுதொடக்கம் செய்யும்போதுதான் வெளிப்படும். ஏன் நடந்தது என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

ஆன்சிபிளில் ஒத்திகை ஓட்டம் என்று சொல்லத்தக்க செக் மோட் ஒன்று இருக்கிறது. எதையும் தொடாமல், ஓட்டினால் என்னென்ன மாறும் என்று மட்டும் அது சொல்லும். பெரிய மாற்றத்துக்கு முன் அனுபவமுள்ள நிர்வாகிகள் இதைத்தான் முதலில் ஓட்டுவார்கள். இதை மாட்யூல் எழுதுபவர் தனியே ஆதரிக்க வேண்டும். எழுதும் முறை சரியாக இருந்தால் ஆதரிப்பது கடினமில்லை. இப்போதைய நிலையைப் பார், வேண்டிய நிலையோடு ஒப்பிடு, மாற்றம் தேவையா என்று முடிவெடு. ஒத்திகை என்றால் அந்த முடிவை மட்டும் சொல்லித் திரும்பு, இல்லாவிட்டால் செய்து முடித்துச் சொல். ஷெல் ஸ்கிரிப்டை அப்படியே பைத்தானுக்குப் பெயர்த்தவர்கள்தான் இங்கே திணறுவார்கள். முடிவெடுப்பதும் செய்வதும் அவர்கள் நிரலில் பின்னிக் கிடக்கும்.

சரி, மாட்யூல் தயார். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஒருகாலத்தில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. எல்லா மாட்யூல்களும் ஆன்சிபிளின் ஒரே களஞ்சியத்தில் இருந்தன. 2019இல் 2.9ஆம் பதிப்பு வந்தபோது அவற்றின் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டியிருந்தது. நெட்வொர்க் கருவிகள், மேகக் கணிமைச் சேவைகள், தரவுத்தளங்கள் என எல்லாம் ஒரே இடத்தில். மையக் குழுவினருக்கு அவற்றில் பலவற்றைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை. ஒரு நிறுவனத்தின் சுவிட்சுக்கான மாட்யூலைச் சோதிக்க அந்தச் சுவிட்ச் கையில் இருக்க வேண்டுமே! திறமையாக எழுதப்பட்ட புல் ரிக்வெஸ்ட்கள்கூட, அதாவது திட்டத்தில் சேர்க்கச் சொல்லி வெளியிலிருந்து வரும் மாற்றங்கள்கூட, பார்க்க ஆளில்லாமல் காத்துக் கிடந்தன. 2020இல் 2.10ஆம் பதிப்போடு அந்தக் களஞ்சியத்தைப் பிரித்தார்கள். மையத்தில் மிக அடிப்படையான மாட்யூல்கள் மட்டும் தங்கின. மற்றவை கலெக்‌ஷன்கள் என்ற தனித்தனித் தொகுப்புகளாக, தனித்தனிக் குழுக்களிடம் போயின. எந்தத் தொகுப்பிலும் அடங்காத பலவகை மாட்யூல்களுக்கு கம்யூனிட்டி ஜெனரல் என்ற பெரிய தொகுப்பு இருக்கிறது. நம் லோகேல் ஜென் குடியிருப்பதும் அங்கேதான். புதியவர் ஒருவரின் மாட்யூல் போய்ச் சேர வாய்ப்புள்ள வீடும் பெரும்பாலும் அதுவே.

அதற்கு முன் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். புது மாட்யூல் தேவைதானா? இருக்கும் மாட்யூல்களை வரிசையாக அழைத்தாலே முடிகிற வேலைக்கு, ரோல் எனப்படும் பணிகளின் தொகுப்பு ஒன்று போதும். இருக்கும் மாட்யூலில் ஒரு விருப்பத்தை (ஆப்ஷன்) கூட்டினால் தீருகிற குறைக்குப் புதிய மாட்யூல் வேண்டாம். தேவைதான் என்றாலும் அதைத் திட்டத்துக்கு அனுப்ப உடனே ஓட வேண்டியதில்லை. பிளேபுக் இருக்கும் இடத்தில் லைப்ரரி என்ற பெயரில் ஓர் அடைவை உருவாக்கி மாட்யூலை அதில் போட்டால் போதும், ஆன்சிபிள் அதைக் கண்டுகொள்ளும். யாருடைய அனுமதியும் வேண்டாம். சொந்த வேலையில் சில மாதம் அதைப் புழங்கவிட்டுப் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். விருப்பங்களுக்கு வைத்த பெயர்கள் சரிதானா, எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பதெல்லாம் புழக்கத்தில்தான் தெரியும்.

அனுப்புவது என்று முடிவானதும் கிட்ஹப்பில் அந்தக் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து, அதாவது நம் கணக்கில் நகலெடுத்து, தனிக் கிளையில் வேலை செய்து, புல் ரிக்வெஸ்ட் போட வேண்டும். இந்தப் பகுதி எந்தக் கட்டற்ற திட்டத்துக்கும் பொதுவானது. ஆன்சிபிளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சோதனைக் கருவியான ஆன்சிபிள்-டெஸ்ட், நகலெடுத்த களஞ்சியம் குறிப்பிட்ட அடைவு அமைப்புக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். ஆன்சிபிள் கலெக்‌ஷன்ஸ், அதனுள் கம்யூனிட்டி, அதனுள் ஜெனரல் என்று அடைவுகளின் பெயர்கள் அச்சு அசலாக இருக்க வேண்டும். இது தெரியாமல் சோதனையே ஓடவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

மாட்யூலின் ஆவணம் வேறெங்கோ தனிக் கோப்பில் இருக்காது. அதே பைத்தான் கோப்பில், நிரலுக்கு மேலே, யாமலில் எழுதியிருக்க வேண்டும். மாட்யூல் எதற்கு, என்னென்ன விருப்பங்கள், எவை கட்டாயம், இயல்பு மதிப்பு என்ன, எந்தப் பதிப்பில் சேர்ந்தது, யார் எழுதியது என்பது ஒரு பகுதி. நகலெடுத்து ஓட்டத்தக்க எடுத்துக்காட்டுகள் அடுத்த பகுதி. திருப்பித் தரும் மதிப்புகள் மூன்றாவது. இணையத்தில் நாம் பார்க்கும் ஆன்சிபிள் ஆவணப் பக்கங்கள் இந்த வரிகளிலிருந்து தானாகவே உருவாகின்றன. சிறப்பு இனிமேல்தான். சானிட்டி சோதனை என்ற முதல் கட்டச் சோதனை, ஆவணத்தில் எழுதியதையும் நிரல் உண்மையில் ஏற்கும் விருப்பங்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும். ஆவணத்தில் ஒரு விருப்பம் கட்டாயம் என்று இருந்து, நிரலில் அப்படி இல்லாவிட்டால் சோதனை தோற்கும். நிரலை மாற்றிவிட்டு ஆவணத்தை மறந்துபோகும் பழக்கம் மென்பொருள் உலகில் எங்கும் இருக்கிறது. இங்கே அந்த மறதிக்குச் சிவப்புக் குறி விழும். நான் பார்த்த ஏற்பாடுகளில் மிகவும் மதிப்பது இதைத்தான்.

கடவுச்சொல் ஏற்கும் விருப்பமாக இருந்தால் 'நோ லாக்' என்று குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் நாம் கொடுத்த மதிப்புகள் அப்படியே பதிவேட்டில் விழுந்து, படிக்கக் கூடாதவர்கள் கண்ணில் படும். பெயரைப் பார்த்தாலே ரகசியம்போல் தெரியும் விருப்பங்களில் இந்தக் குறி விடுபட்டிருந்தால் சானிட்டி சோதனை அதையும் சுட்டிக்காட்டும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்புரிமை வரியும் உரிம வரியும் வேண்டும். மாட்யூல்களுக்கு ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு.

இன்டக்ரேஷன் சோதனையில்தான் நாம் தொடங்கிய இடத்துக்கு முழுமையாக வந்து சேர்கிறோம். இந்தச் சோதனையும் ஒரு பிளேபுக்கின் துண்டுதான், மாட்யூலை நிஜமாகவே கன்டெய்னர்களில், பல லினக்ஸ் வகைகளில் ஓட்டிப் பார்க்கும். நன்கு எழுதியவர்களின் சோதனைகளில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். முதலில் செக் மோடில் ஓட்டு, 'மாறும்' என்று சொல்ல வேண்டும். ஆனால் கணினியில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. அடுத்து நிஜமாக ஓட்டு, 'மாறியது' என்று சொல்ல வேண்டும், மாறியும் இருக்க வேண்டும். அதே பணியை மறுபடி ஓட்டு, 'மாறவில்லை' என்று சொல்ல வேண்டும். பிறகு அதையே நீக்கும் திசையில் ஓட்டு, நீக்கியதை மீண்டும் நீக்கச் சொல். லோகேல் பெயரில் சிறுகோடு தொலைந்த கதை மூன்றாவது படியில் உடனே அகப்பட்டுவிடும். விருப்பங்களை எவ்வளவு நுணுக்கமாக வடிவமைத்திருந்தாலும், இந்த மூன்றாவது படி இல்லாமல் வரும் மாட்யூலை நான் நம்ப மாட்டேன்.

பிறகு மனிதர்கள் வருகிறார்கள். நிரலைப் படித்துக் கருத்துச் சொல்பவர்களில் பலர் தன்னார்வலர்கள், தங்கள் வேலை நேரம் போக எஞ்சியதில் படிப்பவர்கள். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு மாட்யூல் மட்டும் அனுப்புங்கள் என்று பங்களிப்பு வழிகாட்டியில் எழுதியிருப்பது அவர்களுக்காகத்தான். முதன்முறை வருபவர் ஐந்து மாட்யூல்களை ஒன்றாகக் கொண்டுவந்தால் ஐந்திலும் ஒரே தவறு இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். கருத்துகளில் பாதி சிறியவையாக இருக்கும். வாக்கிய முடிவில் முற்றுப்புள்ளி, விருப்பத்தின் பெயரில் எழுத்து மாற்றம், இந்த விருப்பம் சரமா பட்டியலா என்ற கேள்வி. அற்பமாகத் தோன்றினாலும் விருப்பத்தின் பெயரில் அவர்கள் பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை வெளியாகிவிட்ட பெயரை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. உலகெங்கும் யாரோ எழுதிய பிளேபுக்குகள் அந்தப் பெயரை நம்பி நிற்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய பெயரை மாற்றுப் பெயராக வைத்துக்கொண்டு, விலக்கப்போகிறோம் என்று எச்சரித்து, பின்னால் வரும் ஒரு பெரிய வெளியீட்டில்தான் நீக்க முடியும். கம்யூனிட்டி ஜெனரலின் பெரிய வெளியீடுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகின்றன. இன்று இரண்டு நிமிடம் யோசித்து வைக்கும் பெயர் வருடக்கணக்கில் கூடவே வரும்.

ரிவ்யூவில் காத்திருப்பும் உண்டு, அதில் வருத்தப்பட எதுவுமில்லை. காத்திருக்கும் நாட்களில் மற்றவர்களின் புல் ரிக்வெஸ்டை எடுத்து ஓட்டிப் பார்த்து, ஓடியது அல்லது இந்த இடத்தில் உடைந்தது என்று எழுதலாம். அந்தத் தொகுப்புக்கு மிகவும் தேவைப்படும் உழைப்பு அது. திட்டத்தில் எழுதும் உரிமை இல்லாதவரும் செய்யலாம். சரிபார்த்தவர்கள் திருப்தி தெரிவிக்கும்போது 'ஷிப்இட்' என்று ஒற்றைச் சொல் எழுதும் வழக்கம் ஆன்சிபிளில் நெடுநாளாக இருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில், புதியவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரி இருக்கிறது. புது மாட்யூலோடு, களஞ்சியத்தின் ஒரு கோப்பில், இந்த மாட்யூலின் பராமரிப்பாளர் யார் என்று கிட்ஹப் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். மாட்யூலை எழுதியவரே பெயர் கொடுப்பது வழக்கம். அதன்பின் அந்த மாட்யூலைப் பற்றி யார் குறை எழுதினாலும், யார் திருத்தம் அனுப்பினாலும் தானியங்கி உங்களைத்தான் அழைக்கும். கேள்விப்பட்டிராத லினக்ஸ் வகையில் ஒருவர் ஓட்டியிருப்பார், அங்கே அமைப்புக் கோப்பு வேறு அடைவில் இருக்கும். நம்மிடம் கோப்பின் ஒரு வரிக்கு ஒரு லோகேல் என்றால், அவரிடம் வேறு ஒழுங்கு. லோகேல் ஜென் மாட்யூலுக்கே இது நேர்ந்திருக்கிறது. டெபியனுக்கு ஒரு வழியும், உபுண்டுவின் வேறுபட்ட பழைய ஏற்பாட்டுக்கு இன்னொரு வழியும் அதன் நிரலுக்குள் அருகருகே இருந்து வந்திருக்கின்றன.

அந்தப் பெயரைச் சேர்க்கத் தயங்குபவர்களுக்கு வேறு கதவு திறந்தே இருக்கிறது. இருக்கும் மாட்யூல் ஒன்றை எடுங்கள், உங்கள் வேலையில் அன்றாடம் பயன்படுத்துவதாக இருந்தால் நல்லது. ஒரு சோதனை சர்வரில் இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறையும் 'மாறியது' என்று மஞ்சள் நிறத்தில் வந்தால், ஏன் என்று நிரலுக்குள் போய்த் தேடுங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு சிறுகோடும் எழுத்தளவும் ஒத்துப்போகாமல் கிடக்கும். அதைத் திருத்தி, மூன்றாவது படி கொண்ட சோதனையையும் சேர்த்து, என்ன மாறியது என்று ஓரிரு வரியில் மாற்றக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். புது மாட்யூலுக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை, திருத்தங்களுக்கு மட்டும் உண்டு. சேஞ்ச்லாக் அடைவுக்குள் இருக்கும் ஃபிராக்மென்ட்ஸ் என்ற உள்ளடைவில், தனி யாமல் கோப்பாக அதை வைக்க வேண்டும்.